கேரிகஃபாயில் கோபுர வீடு: ஒரு பக்கச் சுவர் மட்டும் இடிந்தது எப்படி?

கேள்வி:
அயர்லாந்தின் கெர்ரி கவுண்டியில், ஷானன் ஆற்றுக் கழிமுகத்தை ஒட்டி நிற்கும் கேரிகஃபாயில் கோட்டையின் படங்களைப் பார்த்தேன். மற்றப் பக்கங்கள் உயரம் குன்றாமல் நிற்க, மேற்குப் பக்கம் மட்டும் பிளந்து, மாடி மாடியாக உள்ளறைகள் வெளியே தெரிகின்றன. கைவிட்ட கட்டடத்திலிருந்து ஊரார் கல் பெயர்த்துச் செல்வது எங்கும் உள்ளதுதான். இங்கும் அப்படித்தானா, போரில் இடிந்ததா?

மறுமொழி 1:
போரில்தான் இடிந்தது. 1490களில் கோனர் லியத் ஓ'கோனர் கெர்ரி என்ற குறுநிலத் தலைவர் கட்டிய இந்தக் கோபுர வீடு, 1579இல் ஆங்கில அரசுக்கு எதிராக மூண்ட இரண்டாம் டெஸ்மண்ட் கிளர்ச்சியின்போது, டெஸ்மண்ட் பிரபுவான ஜெரால்டு ஃபிட்ஸ்ஜெரால்டின் தரப்பில் இருந்தது. உள்ளே இருந்த வீரர்கள், துணைக்கு வந்த ஸ்பானியரையும் சேர்த்து, 70 பேருக்கும் குறைவு. காவலை முன்னின்று நடத்தியவர் ஜூலியன் என்ற இத்தாலியப் பொறியாளர். 1580 மார்ச் இறுதியில் ஆங்கிலப் படைத்தலைவர் வில்லியம் பெல்லம் தரைவழியாகவும், வில்லியம் வின்டரின் கப்பல்கள் நீர்வழியாகவும் வளைத்துக்கொண்டு பீரங்கியால் தாக்கவே, மேற்குச் சுவர் சரிந்து பலரை நசுக்கியது. பிழைத்தவர்களையும் ஆங்கிலப் படை விட்டுவைக்கவில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: சுவர் தாங்கவில்லை என்பதைக் கட்டியவர்களின் குறையாக நான் எண்ணவில்லை. கோபுர வீடு என்பது தலைவன் குடும்பத்தோடு வாழ்ந்த இல்லம். மாடு கவர வரும் பக்கத்துக் குலத்தாரையும் சிறு படைகளையும் தடுக்க அதன் குறுகிய சன்னல்களும், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே ஏறக்கூடிய சுழற்படிகளும் போதுமானவை. முற்றுகைப் பீரங்கி அந்தக் கணக்கிலேயே இல்லை. இங்கே கூடுதல் பாதுகாப்பாக நீரும் இருந்தது. ஓதம் ஏறும்போது படகுகள் வெளிமதிலுக்குள்ளேயே வந்து நிற்க வசதி செய்திருந்தார்கள். ஷானன் வழியே லிமெரிக் நகரை நோக்கிச் செல்லும் கப்பல்களைக் கண்காணிக்க இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. கடைசியில் அதே நீர்வழியில்தான் எதிரியின் பீரங்கிகளும் வந்து சேர்ந்தன.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. இந்த வீழ்ச்சியோடு கிளர்ச்சியும் அடங்கிவிட்டதா?

மறுமொழி 1:
உடனே அடங்கவில்லை. செய்தி கேட்டு, டெஸ்மண்ட் பிரபுவின் மற்றொரு கோட்டையான அஸ்கீட்டனின் காவலர்கள் போரிடாமலேயே வெளியேறினார்கள் என்றாலும், பிரபு காடுமலைகளில் மறைந்து திரிந்து, 1583 நவம்பரில்தான் கொல்லப்பட்டார். அவருடைய பரந்த நிலங்களை அரசு பறித்து, இங்கிலாந்திலிருந்து வந்த குடியேறிகளுக்குப் பங்கிட்டது. மன்ஸ்டர் மாகாணத்தின் நிலவுடைமையை மாற்றிய அந்தக் குடியேற்றத்தையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த முற்றுகையின் கனம் விளங்கும்.