மினி பஸ்ல உங்களுக்கு நடந்தத எழுதுங்க

கடைசி சீட்டு:
எங்க ஊரு உசிலம்பட்டி பக்கம். பேர் வேணாம், அந்த ரூட்ல ஓடுறதே ஒரே மினி பஸ், சொன்னா யார்னு தெரிஞ்சுரும். போன கார்த்திகைல அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய்ட்டு கடைசி ட்ரிப்புல திரும்புறோம், ராத்திரி எட்டேகால் இருக்கும், மழ தூறுது, வண்டில எங்களயும் சேத்து நாலே பேரு. ஊருக்குப் பிரியுற விலக்குல கொண்டாந்து நிறுத்திட்டு டிரைவர் இன்ஜின ஆஃப் பண்ணாமலே "எறங்குங்க, உள்ள வராது"ன்றாரு. ஏண்ணேன்னா "நாலு பேருக்கு மூணு கிலோமீட்டர் போய்வர டீசல் யாரு போடுறது?" அந்த மூணு கிலோமீட்டருக்குத்தானய்யா பெர்மிட்டே குடுத்தாங்க! 1997ல மினி பஸ்ஸு கொண்டாந்ததே பெரிய பஸ் போகாத ஊருக்குப் போகத்தான. அம்மாவுக்கு முழங்கால் தேஞ்சு கெடக்கு. நான் கத்துறேன், கண்டக்டர் பய ஒண்ணும் பேசல, பையத் தொறந்து ரெண்டு ரூபா காச எடுத்து எங்கம்மா உள்ளங்கைல வச்சு வெரல மடக்கி விட்டான். டிக்கெட்ல மிச்சமாம். செல்போன் வெளிச்சத்துல நடந்தே வந்தோம். அம்மா ஒரு வார்த்த பேசல, வீடு வர்ற வரைக்கும் அந்தக் காச கையிலயே புடிச்சிருந்துச்சு.

கோபிக்காரி:
இது பரவால்லீங்க, எங்கூர்ல ஸ்கூல் புள்ளைங்கள படுத்தற பாடு இருக்குதே. கவர்மென்ட் பாஸ் இதுல செல்லாது, அதனால புள்ளைங்க காசு குடுத்துத்தான் வருதுங்க, அப்பயும் பெரியவங்க எல்லாம் ஏறுன பொறகுதான் ஏறோணும், சீட்டு இருந்தாலும் உக்காரக்கூடாது. ஒருநாள் ஆறாவது படிக்கற புள்ள ஒண்ணு பைய முன்னாடி வச்சுட்டு ஏறப் போச்சு, கண்டக்டர் அந்தப் பைய எடுத்து வெளிய வீசிட்டான், "அடுத்த ட்ரிப்புல வா"ன்னு. டிபன் பாக்ஸ் தொறந்து எலுமிச்ச சாதம் பூரா சேத்துல. புள்ள அழுகவே இல்லீங்க, மூடிய மட்டும் தேடி எடுத்து பாவாடைல தொடச்சுது. நான் உள்ள ஜன்னலோரம் உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். எறங்கல. அதான் இன்னும் உறுத்துது.

சில்லறைப் பை:
எனக்கு பத்து ரூபா காயின் பிரச்சின. வாங்க மாட்டேன்னு நடுவழில எறக்கி விட்டான், அவ்ளோதான் கத. ஆனா எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, 2018 ஜனவரிலயே ரிசர்வ் பேங்க் தெளிவா சொல்லிட்டாங்க, அதுவரைக்கும் மொத்தம் 14 டிசைன்ல பத்து ரூபா காயின் வந்திருக்கு, எல்லாமே செல்லும், ரூபா குறி இருந்தாலும் செல்லும் இல்லாட்டியும் செல்லும். 14440க்கு அடிச்சா அவங்களே சொல்லுவாங்க, ஸ்பீக்கர்ல போட்டு கண்டக்டர் காதுகிட்ட காட்டுங்க. அப்புறம் ஏறுன உடனே டிக்கெட் கேட்டு வாங்குங்க, டிக்கெட் இல்லன்னா நீங்க அந்த பஸ்ல போனதுக்கே ஆதாரம் இல்ல. வண்டி நம்பர், தேதி, நேரம், எந்த ஸ்டாப்புன்னு அங்கயே செல்லுல டைப் பண்ணிருங்க, வீட்டுக்குப் போய் எழுதுனா மறந்துரும். ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல குடுங்க, முதல்வர் ஹெல்ப்லைன் 1100க்கும் போடுங்க, புகார் நம்பர் கேட்டு வாங்குங்க. ரூட் கட் பண்ணா அது பெர்மிட் விதிய மீறுறது, கடைசி சீட்டு இத நீங்க அன்னைக்கே பண்ணிருக்கணும்.

கடைசி சீட்டு:
மழைல அம்மாவ ஒரு கையில புடிச்சுக்கிட்டு 1100க்கு அடிக்கணுமா சார்.

யாழ் வாசி:
எங்கட யாழ்ப்பாணப் பக்கமும் உதேதான். 750ஆம் இலக்க ரூட்டில, பருத்தித்துறை போற மினிபஸ்சில, ஆயிரம் ரூபா தாளக் குடுத்தன், மிச்சக் காசு "இறங்கேக்க தாறன் அக்கா" எண்டான். பாட்டு அலறுது, பின்னுக்கு அரசாங்கத்தின்ர சீரீபி பஸ் வருதாம், ஓட்டமெண்டா ஓட்டம். நான் இறங்கி ஒரு கால் நிலத்தில, மற்றக் கால் மிதிபலகையில, கையை நீட்டிக்கொண்டு நிக்கிறன், "சரி ரைற்" எண்டு தகரத்தில ரெண்டு தட்டு. செருப்பு ஒண்டு பஸ்சோட போயிட்டுது. காசும் போயிட்டுது. செருப்புதான் புதுசு.

நாலு முக்கு:
கோபிக்காரி, கோச்சுக்காதீங்க, பாத்துட்டு சும்மா இருந்துட்டு இங்க வந்து எழுதுறது ஈஸி. இவனுங்க ஆட்டமே கேக்க ஆளில்லன்னுதான். 2025 ஜூன்ல தமிழ்நாட்டுல மினி பஸ்ஸுக்குப் புது ஸ்கீம் ஆரம்பிச்சாங்க, ரூட்டு 25 கிலோமீட்டர் வரைக்கும், அதுல 65 சதவீதம் பஸ்ஸே போகாத எடமா இருக்கணும். பேப்பர்ல சூப்பரு. ரோட்டுல? கூட்டம் இருக்கற பாதி மட்டும் ஓட்டிட்டு மிச்சத்த அமுக்கிருவான்.

கோபிக்காரி:
சரிங்க, தப்புதான். ஆனா அந்தப் பஸ்ஸ விட்டா எனக்கு வேலைக்குப் போக வேற வண்டி இல்லீங்க. நாளைக்கும் அதே கண்டக்டர்கிட்டதான டிக்கெட் வாங்கோணும்.

பழைய விசில்:
நானும் ஆறு வருசம் மினி பஸ்ல கண்டக்டரா இருந்தவன்தான், அடிக்க வராதீங்க. எங்களுக்கு சம்பளம் கெடையாது, கலெக்ஷன்ல படி. சாயங்காலம் ஓனர் பைய வாங்கி எண்ணும்போது கொறஞ்சா மொகத்தப் பாக்கணுமே. கவர்மென்ட் வச்ச ரேட்டு 4 ரூபால ஆரம்பிச்சு 10 ரூபால முடியுது, டீசல் லிட்டர் 90க்கு மேல. 2021ல இருந்து கவர்மென்ட் டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, மெயின் ரோட்டுல எங்க கூட்டமெல்லாம் அதுக்குப் போயிருச்சு. நானும் ஒரு தடவ ஒரு கெழவிகிட்ட "ஓசில போணும்னா அந்த பஸ்ஸுக்கு நில்லு"ன்னு சொல்லிட்டேன். அது "எங்கூருக்கு அது வராதேப்பா"ன்னுச்சு, அவ்ளோதான், கோவமாக்கூட சொல்லல. வண்டிய வித்து ஓனர் எங்கள அனுப்பி ரொம்ப நாளாச்சு, கெழவி கொரல் போகல. ஆனா கடைசி சீட்டு, ரெண்டு ரூபா திருப்பிக் குடுத்தான்ல, அந்தப் பய நல்ல பயதான், நாங்கல்லாம் குடுக்கவே மாட்டோம்.

கடைசி சீட்டு:
நல்ல பயலா! சரி, மிச்சத்தயும் சொல்லிர்றேன். அடுத்த வாரம் அம்மா அதே பஸ்ல ஏறுச்சு, அதே பயதான். பத்து ரூபா கேட்டான். அம்மா முந்திய அவுத்து எட்டு ரூபாய எண்ணி வச்சுச்சு, அப்புறம் அந்த ரெண்டு ரூபா காசத் தனியா எடுத்து "இது ஒன்னோடது"ன்னு மேல வச்சுச்சு. அவன் ஒண்ணும் சொல்லல, டிக்கெட்ட கிழிச்சுக் குடுத்துட்டு பின்னாடி போய்ட்டான். பஸ்ஸு ஊருக்குள்ள வரைக்கும் வந்துச்சு. பகல் ட்ரிப்பு, அது எப்பவும் வரும்.