ரிவர்ஸில் மட்டும் வராத மிஸ்ஸிங்

சனி

அக்கா (காலை 7:40): மாமா, என் கார் மறுபடியும் மிஸ் அடித்தது, எஞ்சின் விட்டு விட்டு எரிகிறது. சிக்னலில் இருந்து கிளம்பும்போது நாலைந்து தரம் வெட்டி வெட்டி இழுத்தது, செக் எஞ்சின் விளக்கு மினுக்கியது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. போன மாதம்தான் நான்கு ஸ்பார்க் ப்ளக்கும் புதிதாகப் போட்டேன்.

சித்தப்பா: எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?

அக்கா: 1,86,000.

சித்தப்பா: அப்படியென்றால் வயதுதான். ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற நான்கு காயிலையும் ஒரேயடியாக மாற்றிவிடு, நிம்மதி.

பெரிய மாமா: பொறுங்கள், இப்போது எதையும் மாற்ற வேண்டாம். முதலில் அந்த விளக்கு. மினுக்காமல் எரிந்தால் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். மினுக்கினால், எரியாத பெட்ரோல் அந்த நேரமே சைலென்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் கன்வெர்ட்டரே உருகிவிடும். இனி மினுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓரம் கட்டும்மா.

அம்மா: ஓரம் கட்டினதும் எனக்கு ஒரு போன் பண்ணு.

அக்கா: சரிம்மா. மாமா, ஒர்க்ஷாப்பில் போன முறை எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடை அழித்துத்தான் கொடுத்தார்கள். நிறுத்திவைத்து முறுக்கிப் பார்த்துவிட்டு, வண்டி நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள்.

பெரிய மாமா: அழித்ததுதான் எனக்கு வருத்தம். கோளாறு வந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு சுற்றியது, எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு, அதாவது பாரம், என்பதும் கோடோடு சேர்ந்து பதிவாகும். அழித்தால் எல்லாம் போச்சு. பேட்டரி ஒயரையும் யாரும் கழற்றாதீர்கள், அதிலும் அழிந்துவிடும். தம்பி, கோடைப் படிக்கிற உன் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போ.

நான் (மாலை 6:15): பி0302 என்ற கோடு வந்திருக்கிறது. அப்போது 1,450 ஆர்பிஎம், கூலன்ட் 91 டிகிரி, லோடு 78 சதவீதம், வேகம் 9 கிலோமீட்டர்.

பெரிய மாமா: நல்லது. கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது, அதாவது இரண்டாவது சிலிண்டர். எந்தச் சிலிண்டர் என்று குறிப்பிடாத பி0300 வந்திருந்தால் பெட்ரோல் பிரஷர், காற்றுக் கசிவு என்று எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானதைத் தேட வேண்டியிருக்கும். லோடில் வருவதால் எனக்குக் காயில் மேல்தான் சந்தேகம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட ப்ளக்கில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், நொந்துபோன காயில் அங்கேதான் கைவிடும். நாளைக்கு எஞ்சின் ஆறியபின் இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்று. எரர் பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி.

ஞாயிறு

நான்: மாற்றிவிட்டேன். ப்ளக் குழியில் எண்ணெய் இல்லை, ப்ளக்கின் பீங்கானில் மின்சாரம் கசிந்த கருப்புக் கீறலும் இல்லை. ப்ளக்கையும் இப்போதே இடம் மாற்றட்டுமா?

பெரிய மாமா: வேண்டாம், ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டையும் மாற்றினால் எரர் எதன் கூடப் போனது என்று தெரியாது. அம்மாடி, நீ ஒரு நோட்டில் குறித்து வை. எஞ்சின் சூடா குளிரா, எந்த கியர், மேடா, மழையா, எல்லாம் வேண்டும்.

வியாழன்

அக்கா: ஆறு முறை வந்துவிட்டது மாமா. ஐந்து முறை முதல் கியரில் கிளம்பும்போது, ஒரு முறை இரண்டாவது கியரில் அழுத்தியபோது. காலையில் எஞ்சின் சூடாவதற்கு முன்பும் ஒரு தரம் வந்தது. நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் வரவில்லை.

நான்: இரண்டு நாளாகியும் பி0302 மாறவில்லை. அதனால் செவ்வாய் இரவு ப்ளக்கையும் இடம் மாற்றினேன். இன்றும் அதே பி0302.

பெரிய மாமா: அப்போது என் கணிப்பு தப்பு. காயிலும் ப்ளக்கும் நல்லவை. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், குறைந்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிலேட்டரை அழுத்தாத ஐடிலிலேயே உதறும், இப்படி வந்து வந்து போகாது. இடம் மாறாமல் இருப்பது பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரும் ஒயர்களும்தான்.

அக்கா: ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். வீட்டு வாசல் சரிவில் தினமும் ரிவர்ஸில்தான் ஏற்றுகிறேன். அங்கே ஒரு தரம்கூட வந்ததில்லை.

பெரிய மாமா: இது போதும்மா! ரிவர்ஸில் மேடு ஏறும்போதும் எஞ்சினுக்கு நல்ல லோடு இருக்கும். லோடுதான் காரணமென்றால் அங்கேயும் வந்திருக்க வேண்டும். ஆனால் முன்னால் கிளம்பும்போது எஞ்சின் ஒரு பக்கம் சாயும், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சாயும். நியூட்ரலில் அவ்வளவாகச் சாயாது. ஒரு பக்கம் சாயும்போது மட்டும் ஏதோ ஒயர் இழுபடுகிறது.

பெரிய மாமா: பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளச் பிடிக்கிற இடம் வரைக்கும் மட்டும் விட்டுப் பாருங்கள். தம்பி பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்கட்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது.

அம்மா: குழந்தைகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள்.

வெள்ளி

நான்: மாமா, எஞ்சின் அப்படியே எழும்பிச் சாய்கிறது! எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் கிழிந்துவிட்டது. சாயும்போது இரண்டாவது காயிலுக்குப் போகிற ஒயர் விறைத்து நிற்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒயர் முனையிலுள்ள கப்ளரைக் கழற்றி, ஒயரை மெல்ல இழுத்துப் பார்த்தேன். வெளியுறையில் ஒரு கீறல் இல்லை, ஆனால் ஓரிடத்தில் மட்டும் ரப்பர் மாதிரி நீள்கிறது.

பெரிய மாமா: அந்த இடத்தில் உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும் வரை ஓடும், விலகினால் மிஸ் அடிக்கும். ஒயரை மட்டும் சரி செய்தால் போதாது. மவுண்டிங்கை மாற்றாவிட்டால் புது ஒயரும் அறும். கப்ளர் கிட்டே கொஞ்சம் தொய்வும் விடச் சொல்.

சித்தப்பா: நான் சொன்னபடி காயில்களை மாற்றியிருந்தால்?

பெரிய மாமா: கப்ளரைக் கழற்றி மாட்டியதில் ஒயர் கொஞ்சம் நகர்ந்து, இரண்டு நாள் நன்றாகக்கூட ஓடியிருக்கும். அப்புறம் புதுக் காயிலைச் சந்தேகப்பட்டிருப்போம்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

அக்கா: மாமா, ஒயரும் மவுண்டிங்கும் மாற்றி 900 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். ஒரு உதறல் இல்லை.

நான்: ஸ்கேனரிலும் பார்த்தேன், இன்னும் உறுதியாகாத கோடுகளைக் காட்டும் பெண்டிங்கில்கூட எதுவும் இல்லை.

பெரிய மாமா: ரொம்ப சந்தோஷம். மற்ற மவுண்டிங்குகளுக்கும் அதே வயதுதான். அடுத்த சர்வீஸில் அவற்றையும் பார்க்கச் சொல்லும்மா.