புதுப் பதிப்பு வரும்வரை காத்திருக்கிறதா, கையில இருக்கிறத வச்சு முடிக்கிறதா?

மட்டுநகர் ஒலி

வைகாசி கிட்ட வருது. கண்ணகி அம்மன் கோயில்களுக்கு குளிர்த்திச் சடங்குப் பாட்டு, காவியம் பதிவு செய்து குடுக்கிறவங்க எல்லாரும் இப்ப ஒரே கேள்வியத்தான் கேக்கிறாங்க: நாங்க பாவிக்கிற பாட்டுப் பதிவு சொஃப்ட்வெயார்ட அடுத்த பெரிய பதிப்பு எப்ப வரும், அதில இப்ப இருக்கிற பிழை திருந்துமா?

என்ட வாதம் இதுதான். காசு குடுத்து வாங்கின ஆளுக்கு, தெரிஞ்ச பிழை எந்தப் பதிப்பில திருத்தப்படும் எண்டு கம்பனி எழுத்தில சொல்ல வேணும். புது வசதிகள ரகசியமா வச்சிருக்கட்டும். பிழையில என்ன ரகசியம்?

காத்திருப்பு எவ்வளவு நீண்டது எண்டு பாருங்க. எஃப்.எல். ஸ்டூடியோவில ஒரே பாட்டுக்குள்ள தாளக் கணக்க மாத்தி எழுதுற வசதி 2018 இல, 20 ஆம் பதிப்பிலதான் வந்தது. ஒரு விருத்தத்துக்குப் பிறகு தாளம் மாறுற கூத்துப்பாட்ட அதுவரைக்கும் அதில ஒழுங்கா எழுத ஏலாது. ஏபிள்டன் லைவ் 9 வந்தது 2013, 10 வந்தது 2018. பல தடவை பாடினதில நல்ல துண்டுகளத் தெரிவு செய்து ஒட்டுற வசதி 2021 இல, 11 ஆம் பதிப்பில வந்தது. புரோ டூல்ஸ்காரர் 2013 வரைக்கும் மிக்ஸை வெளியில எடுக்க முழுப் பாட்டையும் ஓடவிட்டுக் கொண்டிருந்தாங்க. ஒரு மணித்தியாலக் கூத்துக்கு ஒரு மணித்தியாலம். நடுவில கரண்ட் போனா திரும்ப முதல்ல இருந்து. மற்ற சொஃப்ட்வெயார்களில ஓடவிடாம வேகமா எடுக்கிற வசதி எப்பவோ இருந்தது. இதெல்லாம் ஆடம்பரத் தேவை எண்டு ஆரும் சொல்ல ஏலாது.

கல்லடி மிக்ஸ்

தம்பி, நீங்கள் சொன்ன வருடங்கள் எல்லாம் சரி. முடிவு பிழை. அந்த ஐஞ்சு வருஷமும் லைவ் 9 இல மனிசர் அல்பம் வெளியிட்டுக் கொண்டுதான் இருந்தாங்க.

கம்பனி திகதி சொல்லாததுக்கு நியாயமான காரணம் இருக்கு. நவம்பரில புதுப் பதிப்பு வரும் எண்டு யூலையில அறிவிச்சா, யூலையில இருந்து பழையத ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. சம்பளம் குடுக்கிறதுக்கு வருமானம் நிண்டு போகும். சொன்ன திகதியக் காப்பாத்துறதுக்காக அவசரமா வெளியிட்டா, பிழையோட வரும். அதுக்கும் நீங்கள்தான் கோபப்படுவீங்க.

இன்னொண்டு. "அடுத்த அப்டேட்டில சரியாகும்" எண்டு காத்திருக்கிற பிரச்சினைகளில பாதி சொஃப்ட்வெயார்ட பிழையே இல்ல. ஒடியோ வெடிச்சு வெடிச்சுக் கேக்குதெண்டா முதல் பபரப் பாருங்க, அதாவது கொம்பியூட்டர் ஒடியோவ ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளாச் சேர்த்து எடுக்குது எண்ட அளவ. 48 கிலோஹேர்ட்ஸில 128 சாம்பிள் எண்டா உள்ள வாற பக்கத்துக்கும் வெளிய போற பக்கத்துக்கும் தனித்தனியா 2.7 மில்லிசெக்கன் தாமதம், 1024 எண்டா 21.3. பாடகர் ஹெட்போனில தன்ட குரலக் கேட்டுப் பாடுற நேரம் 128. மிக்ஸ் செய்யிற நேரம் 1024. ரெண்டுக்கும் ஒரே அளவ வச்சுக்கொண்டு கொம்பியூட்டரத் திட்டுறதில பிரயோசனம் இல்ல. பிறகு விண்டோஸில மின்சாரத் திட்டத்த உயர் செயற்றிறனுக்கு மாத்துங்க, யூ.எஸ்.பி. போட்டை இடைக்கிடை உறங்க விடுற ஒப்ஷன நிறுத்துங்க. லேட்டன்சிமொன் எண்ட இலவசப் புரோகிராமப் பத்து நிமிசம் ஓடவிட்டா எந்த ட்ரைவர் இடையில புகுந்து குழப்புது எண்டு பெயரோட காட்டும். பல நேரம் லப்டொப்பில வைஃபை ட்ரைவர்தான். பதிவு செய்யிற நேரம் வைஃபைய நிறுத்திப் பாருங்க.

மட்டுநகர் ஒலி

அண்ணன், பபர் பிழை வேற, சொஃப்ட்வெயார்ட உண்மையான பிழை வேற. சத்தத்தக் கூட்டிக் குறைக்கக் கீறி வச்ச ஒட்டோமேஷன் கோடு ஒரு பார் தள்ளி நிக்குது, சேவ் பண்ணித் திறந்தா பிளகின்ட (வாத்தியம், எஃபெக்ட் சேர்க்கிற துணைப் புரோகிராம்) அமைப்பு அழிஞ்சு போகுது எண்டா அதுக்கு லேட்டன்சிமொன் என்ன செய்யும்?

கல்லடி மிக்ஸ்

அத முறைப்படி அறிவிக்கிறதுதான். "வேலை செய்யுதில்ல" எண்டு எழுதினா எந்த எஞ்சினியருக்கும் ஒண்டும் செய்ய ஏலாது. வெறும் புரொஜெக்ட் ஒண்டத் திறந்து, வேற கம்பனிப் பிளகின் ஒண்டும் போடாம, அதே பிழைய வரவைக்க வேணும். வந்தா பதிப்பு இலக்கத்தக் கடைசிப் புள்ளி வரைக்கும், விண்டோஸ் அல்லது மக் பதிப்பு, மைக்கக் கொம்பியூட்டரோட இணைக்கிற இன்டர்ஃபேஸ்ட ட்ரைவர் பதிப்பு, என்ன வரிசையில அழுத்தினா வருது எண்டது, அந்தச் சின்னப் புரொஜெக்ட் ஃபைல், எல்லாத்தையும் சேர்த்து அனுப்புங்க. வெறும் புரொஜெக்டில பிழை வரல்லயெண்டா பிளகின்கள ஒவ்வொண்டாச் சேர்த்துக்கொண்டு வாங்க. எதுக்குப் பிறகு வருதோ, அந்தப் பிளகின் கம்பனிக்கு எழுதுங்க.

அக்கரைப்பற்று றபான்

ரெண்டு பேரும் காசப் பத்திக் கதைக்கல்ல. இஞ்ச அதுதான் முதல் கேள்வி. டொலர் 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபாக்குக் கிட்ட இருந்தது, மே மாசத்துக்குள்ள 350 ஐத் தாண்டிட்டு. அண்டைக்கு மேம்படுத்தலத் தள்ளிப் போட்ட ஆள் சோம்பேறி எண்டு ஆரும் சொல்லாதீங்க.

டொலர் 300 எண்டு பிடிச்சுப் பாருங்க. ரீப்பர் எண்ட பதிவு சொஃப்ட்வெயார் 60 டொலர், 18,000 ரூபா. தனிப்பட்ட பாவனைக்கும் வருட வருமானம் 20,000 டொலருக்குள்ள இருக்கிற தொழிலுக்கும் இந்த விலை, ஆகவே இந்தப் பக்கத்துச் சின்ன ஸ்டூடியோக்கள் பயமில்லாம வாங்கலாம். 7 ஆம் பதிப்பில வாங்கினா 8 முடியும்வரைக்கும் காசு இல்ல. அப்பிள்ட லொஜிக் 199.99 டொலர், 60,000 ரூபா, ஆனா 2013 இல லொஜிக் புரோ எக்ஸ் வாங்கின ஆளுக்கு 2024 இல வந்த 11 உம் இலவசம். எஃப்.எல். ஒருக்கா வாங்கினா ஆயுளுக்கும் இலவசம். ஆனா ஃப்ரூட்டி எண்ட அடிப்படை வகைய வாங்காதீங்க. அதில குரல் பதிவு செய்ய ஏலாது, புரொடியூசர் வகை வேணும்.

கியூபேஸ் எண்ட சொஃப்ட்வெயார் எடுக்கிறவங்களுக்கு ஒண்டு சொல்லுறன். புதுப் பதிப்பு வாறதுக்குச் சில வாரம் முந்தி பழையத அக்டிவேட் செய்த ஆளுக்குப் புதுசு இலவசமாக் கிடைக்கும். அவங்க பாக்கிறது வாங்கின நாள இல்ல, அக்டிவேட் செய்த நாள. 13 வந்தது 2023 நவம்பர், 14 வந்தது 2024 நவம்பர். ஆகவே வருஷ நடுவில விலை குறையிற நேரம் வாங்கி, கோட் நம்பர அப்பிடியே வச்சிருந்து, புதுசு வந்த பிறகு போடலாம். அதுவரைக்கும் பழைய பதிப்பிலயே வேலை செய்யுங்க. இப்பிடிக் காத்திருக்கிறதுதான் புத்தியான காத்திருப்பு.

ஏறாவூர் பீட்ஸ்

நானா, "ஆயுளுக்கும் இலவசம்" எண்டத நம்பிக் காசு போடாதீங்க. கேக்வோக் கம்பனி தன்ட சோனார் பிளட்டினம் எண்ட பதிவு சொஃப்ட்வெயாருக்கு ஆயுட்கால அப்டேட் எண்டு 2016 இல வித்தது. 2017 நவம்பரில அதன்ட சொந்தக்காரர் கிப்சன் அந்தத் தயாரிப்பையே நிப்பாட்டிட்டு. 2018 இல பாண்ட்லாப் வாங்கி இலவசமாக் குடுக்காட்டி அந்தப் புரொஜெக்ட் ஃபைலெல்லாம் அநாதைதான். ஆயுள் எண்டது எங்கட ஆயுள் இல்ல, கம்பனிட ஆயுள்.

கல்லடி அண்ணனுக்கும் பதில் இருக்கு. சத்தம் போட்டாத்தான் கம்பனி கேக்கும். 2023 மார்ச் கடைசியில வேவ்ஸ் கம்பனி பிளகின்கள இனிமே சந்தாவுக்கு மட்டும்தான் எண்டு அறிவிச்சது. உலகம் முழுக்கப் பாவனையாளர் எதிர்த்தாங்க. சில நாளுக்குள்ள பழையபடி வாங்கி வச்சிருக்கிற முறையத் திரும்பக் கொண்டுவந்தாங்க. கியூபேஸ் செய்யிற ஸ்டெய்ன்பேர்க்ட யூ.எஸ்.பி. சாவிய, அதக் குத்தினாத்தான் சொஃப்ட்வெயார் திறக்கும், எத்தனை வருஷம் மனிசர் திட்டினாங்க? உடைஞ்சா, துலைஞ்சா, இஞ்ச இருந்து புதுசு எடுக்கிறது எவ்வளவு பாடு? 2022 இல கியூபேஸ் 12 ஓட அது போச்சு. இப்ப ஒரு லைசன்ஸ மூண்டு கொம்பியூட்டரில போடலாம். பேசாம இருந்திருந்தா இண்டைக்கும் சாவிதான்.

கல்லடி மிக்ஸ்

வேவ்ஸ் விசயத்தில நீங்கள் சொல்லுறது நூறு வீதம் சரி. அது உரிமையப் பறிச்ச விசயம், எதிர்க்கத்தான் வேணும். புது வசதி வரல்ல எண்டு வருஷக் கணக்கில குமுறுறதும் அதுவும் ஒண்டில்ல. எதிர்க்கிற நேரம் எதிர்ப்பம். பாட்டு முடிக்கிற நேரம் பாட்ட முடிப்பம்.

மண்டூர் மத்தளம்

பிள்ளைகளே, காத்திருப்பதா வேண்டாமா என்பதைவிட, புதுப் பதிப்பு வந்த நாளில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. வந்த அன்றே போட்டு, நடந்துகொண்டிருக்கும் புரொஜெக்டை அதில் திறந்து, அதே பெயரில் சேவ் செய்கிறார்கள். லைவ் 12 இல் சேவ் செய்ததை 11 திறக்காது. திரும்பிப் போக வழி இல்லை.

முதலில் புரொஜெக்டையும் அதில் பாவித்த எல்லா ஒடியோவையும் ஒரே ஃபோல்டருக்குள் சேர்க்க வேண்டும். கியூபேஸில் புரொஜெக்டை பக்கப் செய்யும் கட்டளை, லைவில் எல்லாவற்றையும் சேர்த்துச் சேமிக்கும் கட்டளை, ரீப்பரில் சேவ் ஆஸ் கொடுக்கும்போது மீடியாவையும் கொப்பி செய்யும் பெட்டியில் சரி அடையாளம், எஃப்.எல். இல் சிப் ஃபைலாக ஏற்றுமதி. பிறகு ஒவ்வொரு ட்ராக்கையும் முதல் பாரிலிருந்து, 24 பிட் வேவ் ஆக, எஃபெக்ட் இல்லாமல் ஒன்றும் எஃபெக்டோடு ஒன்றும் வெளியே எடுங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கினால்தான் வேறு எந்தச் சொஃப்ட்வெயாரில் போட்டாலும் தானாகப் பொருந்தும்.

கூத்து, கவி பதிவு செய்கிறவர்கள் இன்னுமொன்று செய்ய வேண்டும். மத்தளமும் சல்லரியும் மெட்ரோனோம் கேட்டு வாசிப்பதில்லை. கூத்தை நடத்தும் அண்ணாவியார் ஆட்டத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். அதற்கேற்ப ஒவ்வொரு தாளக்கட்டின் தொடக்கத்திலும் டெம்போ (வேகம்) குறி வைத்துக் கட்டிய வரைபடம் வேவ் ஃபைல்களோடு போகாது. அதைத் தனியாக ஒரு மிடி ஃபைலாக ஏற்றுமதி செய்யுங்கள், டெம்போ மாற்றங்கள் அதற்குள் இருக்கும். புதுப் பதிப்பில் அந்த மிடியை முதலில் இறக்கி, ஒடியோ ட்ராக்குகள் நேரத்தைப் பின்பற்றும்படி மாற்றிவிட்டுத்தான் டெம்போவைத் தொட வேண்டும். கியூபேஸில் ட்ராக்கில் உள்ள சுரக்குறி அடையாளத்தை மணிக்கூடாக மாற்றுவது, ரீப்பரில் டைம்பேஸை டைம் என்று வைப்பது. இதை மறந்தால் டெம்போவை அசைக்கும்போது பாடகரின் குரலும் இடம் மாறி, பாட்டு ஒரு பக்கம் மத்தளம் ஒரு பக்கம் போகும்.

பழைய பதிப்பை அழிக்காதீர்கள். கியூபேஸின் பெரிய பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ரீப்பரை வேறொரு ஃபோல்டரில் போட்டபிள் முறையில் போட்டுப் பார்க்கலாம், பழையதைத் தொடாது.

மட்டுநகர் ஒலி

ஐயா, புதுப் பதிப்பில சத்தம் மாறிட்டு எண்டு சிலர் சொல்லுறாங்க. காதால பிடிக்க ஏலாத வித்தியாசத்த எப்பிடி உறுதிப்படுத்துறது?

மண்டூர் மத்தளம்

ஒரே புரொஜெக்டைப் பழையதிலும் புதியதிலும் ரெண்டர் செய்யுங்கள். இரண்டு ஃபைலையும் ஒரே இடத்தில் தொடங்கும்படி இரண்டு ட்ராக்கில் போட்டு, ஒன்றின் துருவத்தைத் தலைகீழாக்குங்கள். ஒன்றை ஒன்று விழுங்கி அமைதியாகிவிட்டால் வித்தியாசம் இல்லை. ஏதாவது கேட்டால் அந்தச் சத்தம்தான் வித்தியாசம், எந்த வாத்தியத்திலிருந்து வருகிறது என்றும் தெரியும். கோரஸும் அசைவுள்ள ரிவேர்ப்பும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறாக வரும், அவற்றை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

ஏறாவூர் பீட்ஸ்

பிளகின் பிரச்சினைய விட்டுட்டீங்க ஐயா. ஸ்டெய்ன்பேர்க் வி.எஸ்.டி. 2 எண்ட பழைய பிளகின் வடிவத்திட நிரல் கருவிகளக் குடுக்கிறத 2018 இலயே நிப்பாட்டிட்டு. அப்பிள் சிலிக்கன் (அப்பிள்ட சொந்தச் சிப்) மக்கில கியூபேஸ அதன்ட சொந்த முறையில திறந்தா வி.எஸ்.டி. 2 ஓடாது. 32 பிட் பிளகின் மக்கில 2019 இல வந்த கட்டலினா எண்ட மக் ஓ.எஸ். பதிப்போட முடிஞ்சு. எங்கட கையில இருக்கிற பழைய இலவச வாத்தியப் பிளகின்களில கனக்க 32 பிட். இதத்தான் நான் சொல்லுறது: காத்திருந்து காத்திருந்து புதுசு வந்தா, வசதி ஒண்டு கூடும், பழைய வாத்தியம் பத்து போகும். கம்பனி இதுக்கு முன்கூட்டியே திகதி சொல்லத்தானே வேணும்?

கல்லடி மிக்ஸ்

இதில நான் உங்களோட. ஒரு வசதிய நீக்கிறதெண்டா முன்கூட்டிச் சொல்லியே ஆக வேணும். ஸ்டெய்ன்பேர்க் 2022 சனவரியில வி.எஸ்.டி. 2 ஐ 24 மாசத்துக்குள்ள விலக்குவம் எண்டு அறிவிச்சது. மற்றவங்களும் அப்பிடிச் செய்யட்டும்.

வாத்தியத்தக் காப்பாத்த வழி இருக்கு. விண்டோஸில ரீப்பர் 32 பிட் பிளகின இப்பவும் திறக்கும். அதில திறந்து, மூண்டு அரைச்சுரத்துக்கு ஒரு சுரமா, மெதுவு, நடு, பலம் எண்டு மூண்டு அழுத்தத்தில, சுரம் முழுசா அடங்கும்வரைக்கும் வேவ் ஆப் பதிவு செய்யுங்க. நாலு ஸ்தாயிக்கு 16 சுரம், 48 ஃபைல். அத எந்தச் சாம்பிளரிலயும் (பதிஞ்ச சத்தத்தக் கீபோட்டில வாசிக்கிற புரோகிராம்) போடலாம். கமகம் இதில சரியா வராது, தனித்தனிச் சுரத்தில இருந்து இழுப்பு பிறக்காது. நீண்ட கமகப் பிடிகள முழுசாத் தனி ஃபைலா எடுத்து வைங்க. இலவசப் பிளகின் எண்டாலும் அதன்ட உரிமப் பத்திரத்தப் பாருங்க, எடுத்த சாம்பிள மற்றவங்களுக்குக் குடுக்க விட மாட்டாங்க.

காரைதீவு கீபோட்

லொஜிக் 10 இலதான் வேலை நடக்குது, மக் இன்டெல். 11 இல பாட்டுல இருந்து குரலப் பிரிக்கிற வசதி வந்திருக்கே, பழைய கசட்டில உள்ள கவிகளுக்கு அது வேணும். வைகாசிக்கு முதல் ஏத்தலாமா?

மண்டூர் மத்தளம்

இன்டெல்லில் அந்த வசதி வேலை செய்யாது, அப்பிள் சிலிக்கன் வேண்டும். அதற்காக மட்டும் ஏற்றினால் ஒன்றும் கிடைக்காது.

வேறு காரணத்துக்காக ஏற்றுவதானாலும் குளிர்த்தி முடியட்டும். லொஜிக் அப் ஸ்டோரிலிருந்து வரும்போது பழையதன் மேலேயே எழுதிவிடும். ஆகவே அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் இருக்கும் லொஜிக்கை முதலில் சிப் செய்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். மக் ஓ.எஸ். ஐயும் லொஜிக்கையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், பிழை வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

அக்கரைப்பற்று றபான்

தம்பி, குரல் பிரிக்கிறது எஃப்.எல். 21.2 இலயும் இருக்கு, விண்டோஸ் லப்டொப்பில ஓடும். கசட்ட முதல் 24 பிட்டில கொம்பியூட்டருக்கு ஏத்துங்க, ஹெட்டைத் துடைச்சு, ஹெட்ட சாய்வத் திருத்துற அசிமுத் திருகாணியச் சரிசெய்த பிறகு. மங்கின பதிவப் பிரிச்சா றபான் மேளத்திட அடி குரலோட ஒட்டிக்கொண்டு வரும். அத எந்தப் பதிப்பும் பிறகு திருத்தித் தராது.