கலைச்சொல்: போலிப் பகா எண்ணும் வன்போலியும் (3215031751-ஐ முன்வைத்து)

ஐயா, வணக்கம். பகு எண்ணாக இருந்தும் பகா எண் சோதனையில் தேறிவிடும் எண்ணுக்கும் (pseudoprime), அதைவிடக் கடுமையான சோதனையிலும் தேறும் எண்ணுக்கும் (strong pseudoprime) தமிழ்ப் பெயர் தேடுகிறோம். உங்கள் யோசனைகளுக்கு என் பதில்:

> 'பகாப்போலி' என்றே வைத்துவிடலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் பொருள் கவிழ்ந்துவிடுகிறது. 'பகா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதை நேரே போலியோடு சேர்த்தால் 'பகாத போலி' என்றாகும். நாம் பெயர் தேடும் எண்ணோ பகுபடுகிறது, அதனால்தானே அது போலி! எனவே 'போலிப் பகா எண்' என்பதே சரி.

> அடுத்த படிக்கு 'வலுவான போலிப் பகா எண்'?

இங்கே வலு எதற்கு என்று முதலில் பார்க்க வேண்டும். 341 = 11 × 31. இரண்டின் 340-ஆம் அடுக்கை 341-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே, பகா எண் என்றால் இந்த மீதி 1 வரும் என்பதை மட்டும் பார்க்கும் ஃபெர்மா சோதனையில் தேறிவிடுகிறது. அடுக்கேற்றும் எண்ணான இரண்டுதான் இங்கே அடிமானம். அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனை 340-ஐ 4 × 85 என்று பிரித்து, 85-ஆம் அடுக்கில் தொடங்கும். மீதி 32, அதன் வர்க்கத்துக்கு மீதி 1. உண்மையான பகா எண்ணாக இருந்தால் 1-க்கு முன்னால் 340 (அதாவது −1) வந்திருக்க வேண்டும். 32 வந்ததும் குட்டு உடைந்தது. ஆக 341 வெறும் போலி.

3215031751 அப்படிச் சிக்காது. 151 × 751 × 28351 என்று பிரியும் இது 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்களையும் ஏமாற்றும் மிகச்சிறிய எண். மூன்று காரணிகளிலும் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் ஒற்றைப்படை எண்; அந்தப் பாதி, நம் எண்ணிலும் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கி வரும் 1607515875-ஐ மீதியின்றி வகுக்கும். அதனால் அந்த அடுக்கில் ஒவ்வொரு காரணிக்கும் மீதி +1 அல்லது −1 மட்டுமே. 2-க்கும் 5-க்கும் மூன்றிலும் +1. 3-க்கும் 7-க்கும் மூன்றிலும் −1. 11-க்கு 151-இல் +1, மற்ற இரண்டில் −1. மூன்றும் ஒத்துப்போகவில்லை, அங்கேதான் பிடிபடுகிறது. இந்த எண்ணோடு சார்பகாவான (பொதுக் காரணி இல்லாத) அடிமானங்களில் சரியாகக் கால்பங்கு ஏமாறுகின்றன. சோதனை அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். கடுமையான சோதனையையும் தாண்டுவதால் வலு போலித்தன்மைக்கே உரியது: வன்போலிப் பகா எண். ஏமாறும் அடிமானத்துக்குப் பொய்ச்சாட்சி, காட்டிக்கொடுக்கும் 11-க்குச் சாட்சி. இவை எல்லோருக்கும் தெரிந்த சொற்கள், புதிதாக ஆக்க வேண்டாம்.

---

ஐயா, வன்போலிக்கு என் ஆதரவும். இலங்கைப் பாடநூல்களில் பகா எண்ணை முதன்மை எண் என்கிறோம். உங்கள் சொல்லில் முன்பாதியை மட்டும் எடுத்து 'வன்போலி முதன்மை எண்' என்றாலும் பொருள் கெடவில்லை. 'பகாப்போலி'யில் அது நடக்காது. ஒரு திருத்தம்: அடிமானத்தைச் சொல்லாமல் வன்போலி என்று எழுதக் கூடாது. '7-க்கு வன்போலி' என்று நான்காம் வேற்றுமையில் வரட்டும்.

நிரலில் சரிபார்ப்பவர்களுக்கு: 3215031751-இன் வர்க்கம் 10^19-ஐத் தாண்டும். குறியுள்ள 64 பிட் முழு எண்ணின் எல்லை சுமார் 9.22 × 10^18. இடையில் பெருக்கல் அந்த எல்லையைத் தாண்டி வழிந்தால் 2-லேயே 'பகு எண்' என்று விடை வரலாம். விடை சரி, காரணம் தவறு. அதே நிரல் இவ்வளவு பெரிய உண்மையான பகா எண்களையும் பகு எண் என்று தள்ளிவிடும். குறியற்ற 64 பிட் போதும்.