சொந்தத் தொழிலுக்கு ஓட்டும் காரின் செலவை வருமான வரியில் கழிப்பது எப்படி?

கேள்வி: பழுதுபார்ப்பவர், சுங்கை சிப்புட்

வணக்கம். சுங்கை சிப்புட் பட்டணத்தில் சிறிய கடை வைத்து, சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் ஏர்கோன், குளிர்பதனப் பெட்டி முதலியவற்றைப் பழுதுபார்த்து வருகிறேன். பிள்ளைகளைப் பள்ளியில் விடும் அதே காரில்தான் லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களுக்கும், உதிரிப்பாகம் வாங்க ஈப்போவுக்கும் செல்கிறேன். சொந்தத் தொழில் செய்பவர்கள் வருமானத்தைக் காட்டும் பி படிவத்தில் பெட்ரோல் செலவு முழுவதையும் கழிக்கலாம் என்கிறார் ஒருவர். கிலோமீட்டருக்கு இத்தனை சென் என்று போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். வருமான வரி வாரியம் கேட்டால் தயங்காமல் காட்டக்கூடிய கணக்கே எனக்கு வேண்டும்.

பதில்: கணக்காளர், ஈப்போ

ஐயா, இரண்டுமே பொருந்தாது. கிலோமீட்டர் கணக்கு என்பது முதலாளிகள் ஊழியர்களுக்குப் பயணப்படி கொடுக்கும் முறை. சொந்தத் தொழில் செய்பவர் உண்மையில் செலவான தொகையையே காட்ட வேண்டும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, முற்றிலும் வருமானம் ஈட்டுவதற்கென்றே செய்த செலவை மட்டுமே கழிக்க விடுகிறது. ஆகவே, பெட்ரோல், டோல், சாலை வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகிய அனைத்தையும் கூட்டி, அதில் தொழிலுக்குரிய பங்கை மட்டும் எடுக்க வேண்டும்.

ஓராண்டில் கார் 20,000 கிலோமீட்டர் ஓடி, அதில் 14,000 தொழிலுக்காக என்றால் பங்கு 70 விழுக்காடு; மொத்தச் செலவு 6,000 ரிங்கிட் என்றால் 4,200 ரிங்கிட்டைக் கழிக்கலாம். கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது தொழில் பயணம். வீட்டிலிருந்து கடைக்குப் போய் வருவது சொந்தப் பயணம். நாள்தோறும் நடப்பதால் பலரும் இதைத் தொழிலில் சேர்த்துவிடுகிறார்கள். கணக்குச் சோதனையில் முதலில் அடிபடுவதும் இதுதான். போக்குவரத்துச் சம்மன் தொகையைக் கழிக்கவே முடியாது.

பதில்: உணவு விநியோகிப்பவர், தாப்பா

தம்பி, எந்தப் பயணம் எதற்கு என்று எழுதி வைக்காவிட்டால் அந்த 70 விழுக்காட்டை யாரும் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. நான் காரிலேயே 555 என்ற சிறிய குறிப்புப் புத்தகம் வைத்து, தேதி, போன இடம், காரணம், புறப்பட்டபோதும் திரும்பியபோதும் மீட்டர் காட்டிய எண் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவிடுகிறேன். பெட்ரோல் நிலைய ரசீதின் எழுத்து சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால், வாங்கியவுடன் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆவணங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

மறுகேள்வி: பழுதுபார்ப்பவர், சுங்கை சிப்புட்

இருவருக்கும் நன்றி. கடை தொடங்கிய பிறகு, தொழிலுக்கென்றே இந்தப் பழைய காரை 30,000 ரிங்கிட் ரொக்கம் கொடுத்து வாங்கினேன். அந்த விலையையும் கழிக்கலாமா?

பதில்: கணக்காளர், ஈப்போ

செலவாகக் கழிக்க முடியாது. மூலதனச் சலுகையாக, அதாவது விலையை ஆண்டுதோறும் பகுதி பகுதியாகக் கழிக்கும் முறையில், கோரலாம். வாங்கிய ஆண்டில் தொடக்கச் சலுகை 20 விழுக்காடும் ஆண்டுச் சலுகை 20 விழுக்காடும், அதன்பின் ஆண்டுக்கு 20 விழுக்காடும் கிடைக்கும். பழைய காருக்கு உச்சவரம்பு 50,000 ரிங்கிட் என்பதால் உங்கள் விலை முழுவதும் அதற்குள் அடங்குகிறது. முதல் ஆண்டுக்கு 12,000 ரிங்கிட் வரும்; ஆனால், சொந்தப் பயன்பாடும் இருப்பதால் அதிலும் அதே 70 விழுக்காட்டை, அதாவது 8,400 ரிங்கிட்டைத்தான் கோர வேண்டும். தவணையில் வாங்கியிருந்தால் கணக்கு வேறு: அந்தந்த ஆண்டில் கட்டிய அசலுக்கு மட்டுமே சலுகை உண்டு, வட்டி தனிச் செலவாக வரும். பி படிவத்துக்கு ஜூன் 30 கடைசி நாள். கார் வாங்கிய ரசீதை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.