கிராண்ட் ஏரியில் கண்ணுக்குத் தப்பிய ஆறு

வரைபடத்தை நம்பி வழி தவறிய அனுபவங்களைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என்னுடையது வேறு மாதிரி. வழி தவறியது நானில்லை, 1903-ல் ஒருவர். அவர் தவறிய இடத்தை நான் பார்த்தேன்.

போன கோடையில் கனடாவின் லாப்ரடாருக்குப் போயிருந்தேன். நார்த் வெஸ்ட் ரிவர் ஊரிலிருந்து மோட்டார் படகில் கிராண்ட் ஏரிக்குள் போனோம். கரை நெடுக ஸ்ப்ரூஸ் காடுதான். நாஸ்கோப்பி ஆறு வந்து சேரும் இடத்தைப் படகுக்காரர் கை நீட்டிக் காட்டினார். அப்போதும் எனக்கு மரங்கள்தான் தெரிந்தன. கிட்டே போன பிறகே ஆறு தெரிந்தது. நெஞ்சு கனத்துவிட்டது.

1903-ல் மிச்சிகமாவ் ஏரியைத் தேடிப் போன அமெரிக்கப் பத்திரிகையாளர் லியோனிடஸ் ஹப்பார்ட் இதைத்தான் கவனிக்காமல் தாண்டிப் போனார். அவரிடம் இருந்தது கனடிய நிலவியலாளர் ஏ. பி. லோ வரைந்த வரைபடம். 1893, 94-ல் லாப்ரடார் தீபகற்பத்தின் உள்பகுதியை அலைந்து அளந்த பெரிய மனிதர் லோ. ஆனால் இந்த ஆற்றில் அவர் போனதில்லை. கேள்விப்பட்டதைப் புள்ளிக்கோடாகப் போட்டார். ஏரிக்கு ஒரே ஆறு வருவதுபோல் அதில் இருந்தது. உண்மையில் பல ஆறுகள் வருகின்றன. ஹப்பார்ட் ஏரியின் கோடியில் சூசன் ஓடையில் ஏறி, அக்டோபரில் பட்டினியால் இறந்தார். லோவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘நான் பார்க்கவில்லை’ என்று ஒப்புக்கொள்வதுதானே புள்ளிக்கோடு?

1905-ல் ஹப்பார்டின் மனைவி மீனா கிளம்பினார். கணவரோடு போய் உயிர் தப்பிய ஜார்ஜ் எல்சன்தான் வழிகாட்டி. ஜூன் 27 முதல் ஆகஸ்ட் 27 வரை, நாஸ்கோப்பியில் ஏறி, ஜார்ஜ் ஆற்றில் இறங்கி, உங்காவா விரிகுடா வரை 576 மைல். வழியில் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்துச் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகை கணித்தார். புள்ளிக்கோடு இருந்த இடத்தில் அவர் போட்டது முழுக்கோடு. அந்த வரைபடத்தில் எல்சனுக்கும் சரிபாதி உண்டு என்றே நினைக்கிறேன். அங்கே பூர்வகுடிகளான இன்னு மக்களுக்கோ அந்த நீர்வழிகள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவை.

ஹப்பார்ட் தேடிப் போன மிச்சிகமாவ் ஏரி 1970-களில் ஸ்மால்வுட் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. மீனா வரைந்த அதன் பழைய கரையை இன்று அவருடையதைப் போன்ற பழைய வரைபடங்களில்தான் பார்க்க முடியும்.