வயல் வெடிப்பு வரவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்களேன்

திருத்துறைப்பூண்டிக்காரன்:
1:72 அளவில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்காக, ஒரு குட்டி மாட்டுவண்டி செய்து வைத்திருக்கிறேன். அது நிற்க ஒரு வயல் வேண்டும். ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் திறக்காத வருஷத்தில் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்குமே, அந்த வயல். கொல்லைக் களிமண்ணையே சலித்து, ஃபெவிகால் கலந்து, தெர்மாகோல் மேல் பூசினேன். மூன்று நாளாச்சு, ஒரு கீறல் இல்லை. கத்தியால் கீறினால் தரைக்கு டைல்ஸ் போட்ட மாதிரி இருக்கிறது.

கொலுப்படி:
மேலே காபித்தூள் தூவிவிடுங்கள். கொலு பார்க்குக்கு நாங்கள் அதைத்தான் போடுவோம்.

மண்கை:
கொலு பத்து நாளில் முடிந்துவிடும், இது அப்படியா? காபிச் சக்கையில் பூசணம் பூக்கும்.

தம்பி, ஃபெவிகால்தான் வினை. மண் காயும்போது சுருங்கினால்தான் வெடிக்கும். பசை அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. வெறும் மண்ணும் தண்ணீரும் போதும், தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக. பசையை அடியில் தெர்மாகோலுக்கு மட்டும் தடவி, மணல் தூவிக் காயவிடுங்கள். அடி வழவழப்பாக இருந்தால் மண் வெடிக்காமல் மொத்தமாகப் பெயர்ந்து வந்துவிடும்.

அப்புறம் கனம். கனமாகப் பூசினால் பாளம் பெரிசாகும். நான் முதல் தடவை அரை அங்குலம் பூசினேன். வண்டி மாட்டோடு உள்ளே விழுகிற வெடிப்பு! நம் வயலில் பாளம் ஒரு சாண் என்றால் உங்கள் அளவுக்கு 3 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசிப் பாருங்கள். அறுத்த நெல்லின் அடித்தாளுக்குத் தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கி, ஈரத்திலேயே வரிசையாகக் குத்திவிடுங்கள். தாள் இல்லாவிட்டால் அது வயல் இல்லை, குளத்தாங்கரை.

காய்ந்த பிறகு ஃபெவிகாலை நிறையத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, பனி மாதிரி தெளியுங்கள். ஷாம்பு இல்லாவிட்டால் முத்து முத்தாக மேலேயே நிற்கும். நிறத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். படத்தில் பார்த்த பாலைவனத்தை நினைத்து மஞ்சள் அடிக்காதீர்கள். நம் வண்டல் காய்ந்தால் சாம்பல்தான்.

வேதாரண்யம் பக்கம்:
எங்கள் பக்க வயல் என்றால் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதற்கு நிஜ உப்பைப் போடாதீர்கள், ஐப்பசியில் கசிந்துவிடும். சாக்பீஸ் தூள் போதும்.

திருத்துறைப்பூண்டிக்காரன்:
அண்ணே, வெடித்துவிட்டது! காலையில் வெயிலில் வைத்தேன், மத்தியானம் ஓரத்தில் முதல் கீறல். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அம்மாவின் கோழி நடுவில் மிதித்துவிட்டது. ஒரு தடம் மாட்டுவண்டியைவிடப் பெரிசு. அதை வாய்க்காலாக மாற்ற வழி இருக்கிறதா?